அழிக்க வேண்டாம்

அந்தக் கறுப்புக் கசெற்றின் முதுகில் அக்காவின் கையெழுத்தில் 'அழிக்க வேண்டாம்' என்று எழுதியிருக்கிறது. அழியவேண்டியதெல்லாம் அழிந்த பிறகு எழுதியது. எனக்கு மிகவும் பிடித்த படம் எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். வேறு எந்தக் கடையிலும் கிடைக்காத படம்.

தொண்ணூறுகளில் நான் ஸ்காபரோவின் டோர்செட் பார்க் பகுதியில் அக்கா குடும்பத்தோடு இருந்தேன். அத்தானுக்குப் படம் என்றால் உயிர். தொழிற்சாலை வேலை முடிந்ததும் நேரே வீடியோக் கடைக்குத்தான் போவார். படத்தில் தாய் செத்தால் சாரத்தின் நுனியால் கண்ணைத் துடைப்பார். செத்தது வில்லனின் தாய் என்றாலும் துடைப்பார். முழுப் படத்தையும் கொப்பி பண்ணுவது வீண், கடைசி அரை மணித்தியாலம் போதும் என்பது அவருடைய கொள்கை. அழுகை அங்கேதானே இருக்கிறது. பழைய கசெற்றுகளுக்கு மேல் அப்படி எத்தனையோ கடைசிக் காட்சிகளைப் பதிந்து வைத்திருந்தார்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் பக்கத்து வீட்டு வீடியோ டெக்கை இரவல் வாங்கி எங்களுடையதோடு கொழுவினார். படத்தை அன்றே கடைக்குக் கொடுக்கவேண்டும். அவசரத்தில் பழைய கசெற் என்று நினைத்து எடுத்துப் போட்டது, அக்காவின் மகள், என் மருமகள், பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்திய வீட்டுக் கசெற். மேலே பதியாமல் இருக்க அதன் ஓரத்துத் தகட்டை முறித்து வைத்திருந்தோம். அத்தான் அந்த ஓட்டைக்கு மேல் செலோரேப் ஒட்டிவிட்டு, கசெற் நின்ற இடத்திலிருந்தே பதிந்தார்.

மறுநாள் மொன்றியலில் இருந்து அத்தானின் அக்கா வந்து, விழாவைப் பார்க்க ஆசையோடு உட்கார்ந்தார். சேலை கட்டிய மருமகள் மணவறைக்கு வந்தாள். தாய்மாமனான நான், வாழ்க்கையில் முதல்முறையாகக் கோட் போட்டு, தேங்காய் உடைக்கக் கையை ஓங்கினேன். தேங்காய் உடையவில்லை. ஒரு தடியன் மோட்டார் சைக்கிளில் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்தான்.

"உவன் ஆர் தம்பி, உங்கடை பக்கத்து ஆளோ?" என்று அத்தானின் அக்கா என்னைக் கேட்டார்.

அக்கா வெடித்தாள். "பெத்த பிள்ளையை விட உங்களுக்குப் படம் பெரிசாப் போச்சு, என்ன?"

மருமகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். வீடியோ எடுத்தவரிடம் ஓடினோம். அவர் மூலக் கசெற்றில் அடுத்த கலியாணத்தை எடுத்து முடித்திருந்தார். மகள் ஒரு வாரம் தகப்பனோடு கதைக்கவில்லை. அத்தானும் அந்த வாரம் வீடியோக் கடைப் பக்கம் போகவில்லை. எனக்கு மனம் பொறுக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை மருமகள் தனியாக இருந்து கசெற்றைக் கடைசிவரை ஓடவிட்டாள். தாய் செத்து, படம் முடிந்து, திடீரென்று மண்டபம் திரும்பி வந்தது. மகளுக்கு ஆலத்தி எடுக்கிறார்கள். பின்னால் தூணோடு ஒதுங்கி நின்று அத்தான் சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஓடி வாங்கோ! அப்பா அழுறார்!"

"படத்திலை தாய் செத்திட்டாளெல்லோ, அதுக்குத்தான்," என்றாள் அக்கா.

"நோ அம்மா, அது என்ர ஃபங்ஷன். எனக்குத்தான் அழுறார்."

அத்தான் குசினிக்குள் போய் எல்லோருக்கும் தேத்தண்ணி போட்டார். அவர் கையால் தேத்தண்ணி குடித்தது அன்றுதான் முதல் தடவை.

அத்தான் காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. போன மாதம் அந்தக் கசெற்றைக் கணினியில் ஏற்றுவதற்காக மருமகளும் நானும் ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கடைக்குப் போனோம். நடுவில் ஏதோ சண்டைப் படம் வருகிறதே, வெட்டிவிடட்டுமா என்று கடைக்காரர் கேட்டார். மருமகள் கசெற்றின் முதுகைத் திருப்பிக் காட்டினாள்.