லயத்தைப் பற்றிய பாட்டு

கிருத்திகாவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. போடிமெட்டைத் தாண்டிக் கேரளத்துப் பக்கம் உள்ள தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கொழுந்து பறித்தாள், ஏலக்காய்க் கடையில் நின்றாள், இப்போது பாலக்காட்டில் ஜவுளிக்கடை வேலை. வேலைகள் மாறின, தெரிந்தவர்கள் எழுதும் கவிதைக்கு மெட்டுப் போட்டுப் பாடுவதை மட்டும் அவள் விடவில்லை. சாமியைப் பாடினால் சோறு போட்ட ஊர், மனுசனைப் பாடியதும் மைக்கைப் பிடுங்கியது. அதையும் பார்த்துவிட்டாள்.

புதிய பாட்டு 'எங்கள் லயம்'. எழுதியவள் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் மூக்கம்மாள். பாலக்காட்டு அக்ரஹாரமான கல்பாத்தியில் ஒரு சங்கீத சபையின் செயலாளர் சுந்தரராமன், போனில் முதல் கண்ணியைக் கேட்டதுமே விழாவில் இடம் கொடுத்துவிட்டார்.

'மழை தட்ட, தகரம் பாட,
விடிய விடிய எங்கள் லயம்.'

விழாவன்று மேடைக்குப் பின்னால் முழுப்பாட்டையும் கேட்டபோது அவர் முகம் மாறியது.

"லயத்தப் பத்தின பாட்டுன்னேளே?"

"லயம்தான் சார். தோட்டத்துல வரிசையா கட்டி விட்டுருக்காங்கள்ல, ஒத்த ரூம் வீடு. எங்க பக்கம் அதுக்கு அதான் பேரு."

"ராம ராமா. நான் தாளம், காலப்பிரமாணம்னு நெனச்சுண்டிருக்கேன்." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு குரலைத் தாழ்த்தினார். "மொதக் கண்ணியோட நிறுத்திக்கோங்கோ. நல்ல நாளும் அதுவுமா சாவெல்லாம் வேண்டாம். மேல பாடினா திரையப் போட்டுடுவேன்."

தகரக் கூரையில் மழை தட்டினால் மங்களம், சுவர் இடிந்து ஆள் செத்தால் அமங்களம் போலும். கிருத்திகா வாசலுக்கும் படிக்கட்டுக்குமாக நடந்தபடி மூக்கம்மாளை போனில் கூப்பிட்டாள்.

"ஏட்டி, செத்தது என் தங்கச்சி. அந்தக் கண்ணி இல்லாட்டிப் பாடவே பாடாத. மழையப் பத்திக் கேக்க அவுகளுக்கு டிவி இருக்கு."

பெயரைக் கூப்பிட்டார்கள். முன்வரிசைக் கைகள் தாளம் போடத் தொடைகளின் மேல் தயாராக இருந்தன. கிருத்திகா கடைசிக் கண்ணியை முதலில் எடுத்தாள்.

'சுவர் விழுந்த ராத்திரி
தங்கச்சி பேரைக் கூவினோம்.
வந்த ஆபீசர் கேட்டார்,
லயம் நம்பர் என்ன?'

தொடைகளில் விழுந்துகொண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாக நின்றன. திரைக் கயிற்றைப் பிடித்திருந்த சுந்தரராமனுக்கு, இதுதான் முதல் கண்ணியோ என்று குழப்பம். அந்தக் குழப்பம் அவளுக்குப் போதும்; கடைசியிலிருந்து மேலேறி மற்றக் கண்ணிகளையும் பாடிவிட்டாள். திரை விழுந்தபோது முதலில் இருந்த மழைக் கண்ணி மட்டும்தான் பாடப்படாமல் மிச்சமிருந்தது.