புதன்கிழமைச் சங்கு

“எதிரி தரப்பு இரண்டாம் சாட்சியான அழகிரிசாமி தொழிலாளர் கிளர்ச்சிகளில் ஊறியவர், நாவன்மை மிக்கவர், நீதிமன்றத்தைத் திசைதிருப்பும் திட்டத்தோடு வந்தவர்.” செஷன்ஸ் தீர்ப்பின் பதினேழாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது.

அழகிரிசாமிக்கு இடது காது அறவே கேட்காது. வலது காது, கத்தினால் கேட்கும். இருபத்திரண்டு வருஷம் பாய்லர் பக்கத்திலேயே நின்றவர். சங்கத்தில் சேரச் சொல்லி வந்தவர்களிடம், என்ன கேட்கிறார்கள் என்று விளங்காமல் வெற்றிலைப் பையை நீட்டினவர். சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசினால் அவர் மனைவி ராசாத்தாள் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

அவருக்கு மில்லின் நீராவிச் சங்கை ஊதும் வேலை. கோயமுத்தூரில் அப்போது கடிகாரம் வைத்திருந்தவர்கள் கௌரவத்துக்கு வைத்திருந்தார்கள். நேரம் தெரியச் சங்குதான். காலை ஐந்தரைக்கு அவர் கயிற்றை இழுத்தால் பால் கறக்க உட்கார்வார்கள், அடுப்புப் பற்ற வைப்பார்கள். பிள்ளை பிறந்த நேரத்தைக்கூடச் சங்குக்கு முந்தி, பிந்தி என்றுதான் ஜோசியரிடம் சொன்னார்கள். பாய்லர் இரைச்சலுக்கு நடுவில், ஊரை எழுப்பிய சத்தம் அவருக்கு மட்டும் பிரிந்து கேட்காது. கயிறு கையை இழுக்கும் இழுப்பில் தெரிந்துகொள்வார்.

1937 கார்த்திகை ஒன்பதாம் தேதி, புதன்கிழமை விடியலில், ஒரு பஞ்சுத் தரகர் தம் கிடங்கு வாசலில் வெட்டுண்டு கிடந்தார். மூன்றாம் நாள் வண்டிக்காரன் காளிச்சாமியைப் பிடித்தார்கள். தரகர் அவனைச் சந்தையில் செருப்பால் அடித்திருந்தார். அவரிடம் செருப்படி பட்டவர்கள் இன்னும் பலர் இருந்தார்கள். காளிச்சாமியின் வீடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் பக்கம்.

கண்ணால் கண்ட சாட்சிகள் நாலு பேர், நாலு தெருக்காரர்கள். வாக்குமூலங்களை எழுதியவர் ஏட்டு சுந்தரராஜுலு ஒருவரே. நாலிலும் ஒரே வாசகம்: “மில் சங்கு ஊதியது, எழுந்து வெளியே வந்தேன், கையில் கொடுவாளோடு காளிச்சாமி ஓடக் கண்டேன்.” பத்திரிகை அதை அப்படியே போட்டது. காபி கிளப்பில் ஒருவர் தொண்டை கிழியப் படித்ததால் அழகிரிசாமியின் காதிலும் விழுந்தது.

அந்தப் புதன்கிழமை பாய்லர் குழாய் ஒன்று விரிசல் விட்டுப்போய் நீராவி முழுக்க இறங்கியிருந்தது. மில் ஏழரை வரை ஓடவில்லை. ஆட்கள் வழக்கமான நேரத்துக்கே வந்து சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சங்கு ஊதவேயில்லை.

அவர் நேரே ஏட்டையாவிடம் போய்ச் சொன்னார். சுந்தரராஜுலு கெட்டவர் அல்லர். இருபது வருஷமாக விடியற்காலைச் சம்பவம் எதை எழுதினாலும் சங்கு ஊதியது என்று தொடங்கிப் பழகியவர்.

“நீ ஊதலைன்னா ஊதலை, அழகிரிசாமி. அதுக்காக ஊர் கேக்காம இருக்குமா? நானே கேட்டேன்.”

மில் என்ஜினீயரிடம் போனார். குழாய் விட்ட சேதி வெளியே போனால் பாய்லர் இன்ஸ்பெக்டர் வந்து மில்லை நிறுத்திவிடுவார். ஆகையால் அன்றைய புத்தகத்தில் ‘ஐந்தரை: சங்கு’ என்று என்ஜினீயர் கையாலேயே எழுதியிருந்தது.

ராசாத்தாளிடம் சொன்னார்.

“ஏனுங்க, நானே அந்தச் சத்தத்துக்குத்தானுங்க எந்திரிச்சேன்” என்றாள் அவள்.

“ஞாயித்துக்கெழம எப்ப எந்திரிக்கறே?”

“அதே நேரத்துக்குத்தானுங்க.”

“ஞாயித்துக்கெழம மில்லு லீவு. சங்கு ஏது அம்மணி?”

ராசாத்தாள் களியைக் கிண்டி இறக்கி வைத்தாள். “இருந்தாலும் கேட்டுச்சுங்க” என்றாள்.

ஊர் இரண்டு பட்டது. ஒரு வாரப் பத்திரிகை போலீஸ் ஜோடித்த வழக்கு என்றது. இன்னொன்று போலீஸைக் குறை சொல்பவர்கள் ஊர் அமைதியைக் கெடுப்பவர்கள் என்றது. காபி கிளப்புகளில் மேஜை தட்டினார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் இரு கட்சிக்கும் பேதமில்லை. காளிச்சாமி நிரபராதி என்றவர்களும் சங்கு ஊதியது என்றார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

காளிச்சாமியின் தாய் பழனாத்தாள் ஒருத்திதான் அழகிரிசாமியைத் தேடி வந்தாள். விஷயத்தைக் கேட்டு அழவில்லை.

“நீங்க ஊதலீன்னு சொன்னா என்ர பையன் பொழச்சுக்குவானுங்களா?”

“அது தெரியாதுங்க. நான் ஊதலீங்க. அது தெரியுமுங்க.”

“அதயே சொல்லிப்போடுங்க.”

ஞாயிற்றுக்கிழமைக் கதையை எதிரியான காளிச்சாமியின் வக்கீலிடம் அழகிரிசாமி சொன்னார். “அது வாதம் ஐயா, சாட்சியம் இல்லை. வாதத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார் அவர். ஒன்றரை மணி நேரம் வாதித்தார். கொடுவாளின் நீளத்தைப் பற்றி அருமையாகப் பேசினார், ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிட்டார்.

சர்க்கார் வக்கீலின் குறுக்கு விசாரணை சுருக்கமானது.

“உமக்குக் காது கேட்குமா?” மூன்று தரம் கேட்க வேண்டியிருந்தது.

“கேக்காதுங்க.”

“காது கேட்காத உமக்குச் சங்கு ஊதியதா இல்லையா என்று எப்படித் தெரியும்?”

“கேக்கறது ஊருங்க. ஊதறது நானுங்க.”

கோர்ட்டு சிரித்தது. நானும் சிரித்தேன். நீதிபதி ஏதோ குறித்துக்கொண்டார். ‘நாவன்மை’ அங்கே பிறந்ததுதான். ‘கிளர்ச்சி’யை மில் மானேஜர் தம் கடிதத்தில் உபயமாக அனுப்பியிருந்தார். ஊரே செவியாரக் கேட்ட ஒன்றைச் செவிடர் ஒருவரின் மறுப்பு அழித்துவிடாது என்று தீர்ப்பு முடிந்தது. சென்னை ஐகோர்ட்டு அதில் குறுக்கிடக் காரணம் காணவில்லை.

சாட்சி சொல்லப் போன நாளில் லீவு எழுதிக் கொடுக்கவில்லை என்று மில் அவரை நிறுத்தியது. அந்தக் கயிற்றை வேறொருவர் இழுத்தார். வித்தியாசம் ஊருக்குத் தெரியவில்லை. சூலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக் காளவாயில் அவருக்கு வேலை கிடைத்தது. மறு வருஷம் ஆடியில் சென்ட்ரல் ஜெயிலில் காளிச்சாமியைத் தூக்கிலிட்டார்கள். சரியாகச் சங்கு ஊதும்போது என்று ஊரில் சொன்னார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை.

அதற்கு அடுத்த வருஷம் வேறொரு வழக்கில் பிடிபட்டவன், தரகரை வெட்டியதும் தானே என்று ஒப்புக்கொண்டான். காபி கிளப்புகளில் மறுபடி மேஜை தட்டினார்கள். போலீஸ் எப்படி இவ்வளவு தவறியது என்று பத்திரிகைகள் இரண்டும் தலையங்கம் எழுதின. அழகிரிசாமியின் பெயர் இரண்டிலும் இல்லை. சங்கு அன்று ஊதியதாகவே இன்றும் சொல்கிறார்கள்.

கார்த்திகை ஒன்பதாம் தேதி காலை ஐந்தரைக்கு அழகிரிசாமி கயிற்றை இழுக்கவில்லை. இழுக்கவில்லை என்று கோர்ட்டில் சொன்னார்.