வழுக்கையாற்றுக்குக் குறுக்கே ஒரு மதில்

நில அளவையாளன் வேலியோரம் வந்து நின்றால், யாழ்ப்பாணத்தில் குரைப்பது நாய் மட்டுமல்ல. எல்லைத் தகராறில் ஒரு தடவையாவது தொண்டை கிழியக் கத்தியிருக்கும் அன்பர்களே, உங்களுக்கு இது புரியும். ஆனால் உங்களைவிடப் பாவம் நான். நீங்கள் ஒரு பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை பிடித்தீர்கள். என்னையோ ஒரு முழு ஆற்றின் இரண்டு கரைகளோடும் மோத விட்டார்கள். மாரி தொடங்குமுன் வழுக்கையாறு போகும் வழியை அளந்து, இரு கரையிலும் எல்லைக் கட்டை அடிக்க வேண்டும். அடைபட்ட இடங்களைத் திறக்காவிட்டால் மேல்பக்கத்து வீடுகளுக்குள் வெள்ளம் ஏறும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

ஆறு எங்கே?

மற்ற ஊர்களில் ஆறு மலையில் பிறந்து, பாறையில் விழுந்து, சத்தம் போட்டுக்கொண்டு வரும். எங்கள் ஆற்றுக்கு மலை வாய்க்கவில்லை. தெல்லிப்பழைப் பக்கத்துத் தாழ்ந்த தோட்டங்களில் விழும் மழைத் தண்ணீர் தானாகச் சேர்ந்து, அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் என்று வளைந்து நெளிந்து, கடைசியில் அராலியில் கடலேரிக்குள் இறங்கிவிடும். அதுவும் மாரியில் சில வாரங்கள்தான். மிச்ச நாளெல்லாம் ஆறு என்பது புல்லும் வெடிப்பும் உள்ள ஒரு பள்ளம்.

அந்தப் பள்ளம் தொடங்கும் இடத்தைத் தேடி ஒரு வாழைத் தோட்டத்துக்குள் நுழைந்தேன். தோட்டக்காரர் எதிரே வந்தார். அவர் தோளில் இருந்த மண்வெட்டி கைக்கு இறங்கியதைக் கண்டதும் என் குரலும் இறங்கிவிட்டது. “ஐயா, ஆறு எந்த இடத்திலை தொடங்குது?” என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“மழை வந்தால் அது உங்களைத் தேடி வரும். அதுவரைக்கும் என்ரை வாழைக்குள்ளை நிண்டு தேடாதையுங்கோ.”

நடக்கும் வேலி

கிளுவங்கொம்புகளை நட்டு அடைக்கும் கதியால் வேலி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வருடா வருடம் வேலி அடைக்கும்போது கதியால் ஒரு சாண் தள்ளிப் போய் நிற்கும். பக்கத்து வளவுக்காரர் விழிப்பாக இருந்தால் அடுத்த வருடம் அது திரும்பி வரும். ஆற்றுக்கு அப்படிக் கேட்க ஆளில்லை. அதனால் இரண்டு கரை வேலிகளும் ஒன்றையொன்று பார்த்து நடந்துகொண்டே இருந்தன. ஓரிடத்தில் கைகளை விரித்து நின்றேன். இரண்டு பக்க வேலியும் விரலில் பட்டது.

அங்கே கட்டை அடித்துவிட்டுப் போய் மறுநாள் வந்தால் ஒன்றுகூட இல்லை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. எனக்குக் கோபம் வந்தது. வளவுக்காரப் பெண்மணியைக் கூப்பிட்டு, அரசாங்கக் கட்டையில் கைவைத்தது யார் என்று சத்தம் போட்டேன். வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்த ஆட்டைக் காட்டினார். அதன் கயிற்று நுனியில் என் கட்டை இழுபட்டுக்கொண்டிருந்தது.

“பிடுங்கினது உதுதான், சேர். வேணுமெண்டால் கூட்டிக்கொண்டு போய் விசாரியுங்கோ.”

செல்லத்துரையரின் மதில்

வேலியை நகர்த்துகிறவர்களையாவது பொறுத்துக்கொள்ளலாம். சண்டிலிப்பாய் தாண்டியதும் பள்ளத்துக்கு நேர் குறுக்கே ஆளுயர மதில் ஒன்று நின்றது. கட்டியவர் செல்லத்துரையர். மதிலுக்குள் இருந்தது, மகள் சுகந்திக்குச் சீதனமாக எழுதப்போகும் புது வீடு. கலியாணம் தை மாதம். “மதில் இல்லாத வீட்டுக்கு என்ரை மகனை அனுப்பமாட்டன்” என்று மாப்பிள்ளையின் தாய் தவமணியக்கா ஒற்றைக்காலில் நின்றதால் எழுந்த மதில் அது.

அந்தத் தவமணியக்காவின் வீடும் அதே பள்ளத்தோரம்தான், மேல்பக்கம், கூப்பிடு தூரத்தில். மகன் வவுனியாவில் வேலை. கணவர் பாரிசவாதம் வந்து படுத்த படுக்கை. தண்ணீர் வந்தால் மதிலில் முட்டித் திரும்பிச் சம்பந்தி வீட்டுக்குள்தான் ஏறும் என்று செல்லத்துரையருக்குப் படம் கீறிக்கூடக் காட்டினேன். அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு என் மூக்குக்கு நேரே வந்து நின்றார்.

“ஆறு வரட்டும் தம்பி. வந்தால் நான் அதோடை கதைக்கிறன்.”

ஆறு வந்தது

பிறகு விடாத மழை. ஒருநாள் காலை ஊர்க்காரர் ஒருவர் போன் பண்ணி, மதிலை உடைக்கப் போகிறோம், ஆறு போகும் இடத்தைக் காட்டுங்கோ என்றார். விழுந்தடித்துப் போனேன். நான் அளந்த பள்ளத்தைக் காணவில்லை. மதிலின் மேல்பக்கம் நெஞ்சளவு மண்நிறத் தண்ணீர், கீழ்ப்பக்கம் வெறும் ஈரமுற்றம். தவமணியக்காவின் வீட்டுக்குள் கணவர் கிடந்த கட்டிலைக் கல் அடுக்கி உயர்த்தியிருந்தார்கள். தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டுவிட்டது. ஒழுங்கைக்குள் எந்த வாகனமும் வர வழியில்லை, அவரை வெள்ளத்துக்குள்ளால் தூக்கி வரவும் பயந்தார்கள்.

பொடியன்கள் மதிலை இடிக்க அலவாங்குகளோடு நின்றார்கள். செல்லத்துரையர் மதிலில் முதுகைச் சாய்த்து வழிமறித்துக்கொண்டிருந்தார். தவமணியக்கா சேலை நனைய ஓடிவந்தார். “அண்ணை, உடைக்க விடுங்கோ! என்ரை மனுசன் தண்ணியிலை தாழப்போறார்!”

“விடுறன். மதில் இல்லாட்டிலும் சீதனம் நிறைவெண்டு இந்தச் சனத்துக்கு முன்னாலை சொல்லுங்கோ. பிறகு என்ரை பிள்ளையைக் குத்திக்காட்டக் கூடாது.”

அவர் பயம் பொய்யான பயமல்ல. அப்படிக் குத்துப்பட்ட பெண்களை எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த நிமிடத்தில் இருவரையும் வெள்ளத்துக்குள் தள்ளிவிடலாம் போல இருந்தது. தவமணியக்கா சனத்தைப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: “அப்ப வெள்ளம் வடிஞ்சாப்பிறகு மதிலைத் திரும்பக் கட்டித் தருவியளோ?”

சுகந்தி ஒரு பொடியனின் கையிலிருந்து அலவாங்கைப் பறித்தாள். “எந்த இடம், சேர்?” என்றாள். காட்டினேன். முதல் குத்தில் கல் பெயர்ந்து தண்ணீர் பீறியது. செல்லத்துரையர் தானாக விலகினார். அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

“நீங்கள் ரெண்டு பேரும் ஆற அமரக் கதைச்சு முடியுங்கோ. மாமா அதுவரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கமாட்டார்.”

மாமா பிழைத்தார், கலியாணமும் தையில் நடந்தது. இப்போது மதிலின் அந்த இடைவெளியில் ஒரு இரும்புப் படலை போட்டுப் பூட்டியிருக்கிறார்கள், எங்கள் ஆற்றின் சாவி சுகந்தியின் இடுப்பில் தொங்குகிறது.