காலையில் எடுத்த ரத்தம்

அக்காவின் முதலாண்டு நினைவு ஆராதனைக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். சிவகாசியில் நினைவு மலர் அச்சடிக்க பிரஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. எழுதத்தான் ஆள் வேண்டியிருந்தது. தினசரி காலண்டரில் ராசிபலனுக்குக் கீழே ஒரு வரி எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் குடும்பத்தார் என்னைக் கைகாட்டிவிட்டார்கள். மறுநாள் கிழித்துப் போடுவதற்கென்றே எழுதிப் பழகியவன் நான். எடுத்து வைத்துக்கொள்கிற மாதிரி எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா காலமான அன்று லேப் ஷட்டர் மத்தியானம் வரை திறந்திருந்தது. உங்களில் சிலருக்கு அது இன்னும் மனத்தாங்கலாக இருக்கிறது என்று தெரியும். அதையும் இதில் சொல்லியாக வேண்டும்.

அக்கா பிறந்தது விஸ்வநத்தத்தில், ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் மூத்த மகளாக. அவருக்குப் பிறகு பிறந்தவன் நான் ஒருவன்தான். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அக்கா மதுரையில் லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து, விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்து என்னைப் படிக்க வைத்தார். நான் இலக்கியம் படித்தேன். அந்த நஷ்டத்தைப் பற்றி அக்கா ஒருநாளும் பேசியதில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு திருத்தங்கலில் சொந்தமாக லேப் வைத்தார். காலையில் கவுண்டரில் பேர் பதிகிற வேலை எனக்கு. பத்து மணிக்கு மேல் பிரஸ்ஸுக்குப் போய்விடுவேன். ரத்தத்தை எடுத்து மிஷினில் வைத்தால் சீட்டு வந்துவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அக்கா அப்படி விடமாட்டார். தினமும் முதல் ஆளின் ரத்தத்துக்கு முன்னால், விடை தெரிந்த ஒரு மாதிரியை மிஷினுக்குக் கொடுத்துப் பார்ப்பார். மிஷின் அதற்குச் சரியாகச் சொன்னால்தான் மனிதர்களின் ரத்தம் உள்ளே போகும். வெறும் வயிற்றோடு வந்தவர்கள் சத்தம் போடுவார்கள்.

"மிசினுக்கு இன்னைக்குப் புத்தி சரியா இருக்கான்னு பாக்கோம். செத்த நேரம் உக்காருங்க அண்ணாச்சி" என்பார் அக்கா.

"உங்க தம்பிக்கும் பாத்தீகளா?"

"அவனுக்குப் பாத்து ரொம்ப நாளாச்சு. அதான் கவுண்டர்ல உக்கார வச்சிருக்கேன்."

அக்காவின் இரண்டு பழக்கங்களை மட்டும் சொல்கிறேன். பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் கம்பெனி ஆட்கள் வந்தால் அவர்கள் நம்பரோடு, எந்த வேனில் வேலைக்குப் போகிறார்கள் என்றும் கேட்டு எழுத வேண்டும். டிரைவர்களின் நம்பர் எல்லாம் என் போனில் இருக்கும். அவசரமான ரிசல்ட் என்றால் அளவு டாக்டருக்கு மட்டும். டிரைவருக்கு ஆள் பேரும், போக வேண்டிய ஆஸ்பத்திரியும் போதும். இது முதல் பழக்கம்.

இரண்டாவது, போனில் எதைச் சொன்னாலும் கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "சரி", "ஆகட்டும்" எல்லாம் அக்காவிடம் செல்லாது. டாக்டராக இருந்தாலும் திருப்பிச் சொன்ன பிறகுதான் போனை வைப்பார். மளிகைக் கடைக்காரரும் தப்பியதில்லை.

தன் நோயையும் அக்கா தன் லேபில்தான் முதலில் பார்த்தார். சீனியர் டெக்னீஷியன் மரகதம் ரிப்போர்ட்டைக் கொடுக்காமல் நின்றபோது, "இங்க குடு, அடுத்த ஆள் நிக்காக" என்று வாங்கிக்கொண்டார். கடைசி மாதங்களில் வீட்டில் படுத்திருந்தபோது ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, நான் போற அன்னைக்குக் காலையில எடுத்த ரத்தம் அம்புட்டுக்கும் ரிசல்ட் போகணும். அதுக்கப்புறம் ஷட்டரை இறக்கு. குத்துனது குத்துனதுதான், மறுபடி வரச்சொல்லிக் குத்தக் கூடாது. திருப்பிச் சொல்லு."

"எங்கன போகப் போறீக? குத்தாலத்துக்கா?"

"திருப்பிச் சொல்லுலே."

காபி ஆறுகிறது என்று சொல்லி டம்ளரை எடுத்துக் கொடுத்தேன். அக்கா வாங்கிக் குடித்தார். மறுபடி கேட்கவில்லை.

அக்கா காலமான அன்று காலை நான் கவுண்டரில் இருந்தேன். காய்ச்சலோடு ஒரு பெண் ரத்தம் கொடுத்துவிட்டுப் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு கிளம்பினார். லீவு சொல்லவில்லை, வேனைப் பிடிக்க வேண்டும் என்றார். எந்த வேன் என்று கேட்க வாயெடுத்தபோது அத்தான் போன் செய்தார். அக்கா போய்விட்டார் என்றார். அந்தப் பெண் படியிறங்கிப் போனதைப் பார்த்துக்கொண்டே "சரி அத்தான்" என்றேன்.

மரகதம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஷட்டரை இறக்கிரட்டுமாண்ணே?" என்றார்.

"எடுத்த ரத்தத்தை என்ன செய்வீக?"

மரகதம் புதுக் கையுறை ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார்.

வீட்டில் அக்காவை ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்தார்கள். பெட்டியில் டெம்பரேச்சர் காட்டும் சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். லேப் ஃப்ரிட்ஜின் எண்ணை அக்கா காலையும் மாலையும் பார்ப்பார். வந்தவர்கள் என் கையைப் பிடித்தார்கள். பிடித்தது தெரிந்தது, அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. அழுகை வரும், வரும் என்று உட்கார்ந்திருந்தேன்.

மரகதம் போன் செய்தார். "அண்ணே, காய்ச்சல்னு வந்த அம்மாவுக்குப் பிளேட்லெட் ரொம்பக் கம்மி. மறுபடி ஓட்டியும் பாத்துட்டேன், ஸ்லைடு போட்டும் பாத்துட்டேன். டாக்டர் உடனே அட்மிட் பண்ணச் சொல்லுதாக. அவுக செல் அடிக்குது, எடுக்க ஆளில்ல. வேன் எழுதலையே."

எழுதவில்லைதான். கண்ணை மூடினேன். அந்தப் பெண் படியிறங்கியபோது ரோட்டில் ஒரு ஹாரன் அடித்தது, மாடு கத்துகிற மாதிரி. அந்த ஹாரன் விஸ்வநத்தம் வேனுக்கு மட்டும்தான் உண்டு. பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தபடியே டிரைவரைக் கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, இப்பத்தான் கேள்விப்பட்டேன், அக்கா..."

"அதை விடுங்க. உங்க வண்டியில காய்ச்சலோட ஒரு அம்மா வந்தாக." பேரைச் சொன்னேன். "கேட்ல சொல்லி வெளிய கூப்பிட்டு, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. வீட்டுக்கு வேண்டாம். திருப்பிச் சொல்லுங்க."

"சரிண்ணாச்சி, நான் பாத்துக்கிடுதேன்."

"சரி வேண்டாம். திருப்பிச் சொல்லுங்க."

சொன்னார், பேரோடு, ஆஸ்பத்திரியோடு. போனை வைத்தேன்.

பின்னால் இருந்த பெரியப்பா, "என்னலே, பெட்டி பக்கத்துல உக்காந்து காலண்டர் ஆர்டரா எடுக்க?" என்றார். ஆவணி ஆரம்பம், சீசன் நேரம். அவர் நினைத்ததில் தப்பில்லை. எனக்கு விளக்கத் தோன்றவில்லை. "ஆமா பெரியப்பா" என்று சொல்லிவிட்டேன். அந்த "ஆமா"தான் கல்லறை வரைக்கும், அதற்குப் பிறகும் ஊரைச் சுற்றியது.

மத்தியானம் கடைசி ரிசல்ட்டும் போன பிறகு ஷட்டரை இறக்கிவிட்டு லேப் ஆட்கள் எல்லோரும் சேர்ந்து வந்தார்கள். கை கழுவிய சோப்பு வாசனையோடு மரகதம் பெட்டியருகே நின்றார். கடைசிப் பாட்டுக்குத்தான் வந்தார்கள் என்று குறைபட்டவர்கள், அவர்கள் அதுவரை என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று இப்போது தெரிந்துகொள்ளலாம்.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். இப்போதும் அவ்வப்போது லேபுக்கு வருகிறார். ஊசி வலிக்கிறது என்று மரகதத்தையும், மெதுவாக எழுதுகிறேன் என்று என்னையும் திட்டுகிறார். அன்றைக்கு என்ன நாள் என்று அவருக்குத் தெரியாது, நாங்களும் சொல்லவில்லை.

அக்காவைக் கடைசி வரை தூக்கி உட்கார வைத்துக் கவனித்த அத்தானுக்கும், ஜெபித்த ஆயரம்மாவுக்கும், பந்தல் போட்ட தெருக்காரர்களுக்கும், கேட்டில் சண்டை போட்டு அந்தப் பெண்ணை வெளியே கூட்டிவந்த வேன் டிரைவருக்கும், மரகதத்துக்கும், பெரியப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெரியப்பா, அன்று ஆர்டர் எதுவும் எடுக்கவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி. காபி கொடுத்து நான் தள்ளிப்போட்டது.

அக்கா, நீங்க போன அன்னைக்குக் காலையில எடுத்த ரத்தம் அம்புட்டுக்கும் ரிசல்ட் போயிருச்சு. அதுக்கப்புறம்தான் ஷட்டரை இறக்குனோம். யாரையும் மறுபடி குத்தல.

திருப்பிச் சொல்லிட்டேன். நீங்க போனை வைக்கலாம்.

— தம்பி