வெறுந்தறிச் சத்தம்

எங்களுக்கு மேல்மாடி வீட்டில் வாஷிங் மிஷின் தடதடவென்று ஆடும்போதெல்லாம், அந்த வீட்டில் அரிசி இருக்கிறது என்று எனக்கு ஒரு நிம்மதி வரும். சிரிக்காதீர்கள். ஆரணியில் நெசவுத் தெருவுக்கு அரிசி கொடுத்துப் பழகிய காது இது.

தொண்ணூறுகளின் கடைசி. நான் மிஷன் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த டீச்சர். சர்ச்சுக்குப் பின்னால் உடைந்த பெஞ்சுகள் கிடந்த அறையை ஒழித்து, கஷ்டப்படும் வீடுகளுக்குச் சனிக்கிழமைதோறும் அரிசி, பருப்பு, எண்ணெய் கொடுத்தோம். அரிசி களம்பூர் மில்லிலிருந்து வரும். எங்கள் வீட்டு அரிசியைவிட நன்றாக இருந்தது என்பதைக் கொஞ்சம் வயிற்றெரிச்சலோடுதான் சொல்கிறேன்.

வாங்க ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு. யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். தறியில் ஏற்றும் பாவு நூலை முதலாளி கொடுத்தால்தான் வேலை. வேலை இல்லாவிட்டால் தறிச் சத்தம் இருக்காது. தெருவில் நடந்துபோய், சத்தமில்லாத வீட்டைக் குறித்துக்கொண்டால் முடிந்தது. இந்த மூளையைப் பற்றி ஆயரிடம் இரண்டு முறை சொன்னேன். முதல்முறை அவர் போதுமான அளவு பாராட்டவில்லை.

மாணிக்கம் வீட்டைக் குறித்ததே இல்லை. மனிதர் விடிந்ததிலிருந்து தறி அடிப்பார்.

ஒரு சனிக்கிழமை, அவர் எதிர்வீட்டு சரோஜா அக்கா தன் பையை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றார்.

"இதுல பாதிய மாணிக்கம் வீட்டுக்குத் தனியா கட்டிக் குடுங்க டீச்சர்."

"அங்கதான் தறி ஓடுதே?"

"அது வெறுந்தறி. பாவே இல்ல. அடிக்கிற சத்தத்துலயே தெரியும். ரெண்டு மாசமா சும்மா ஆட்டிகினு இருக்காரு."

"தெருவுல ஒருத்தர்கூட எங்கிட்ட சொல்லலியே!"

"அவரு அவ்ளோ பாடுபட்டு மறைக்கறாரு. நாங்க சொல்லிட்டா நல்லா இருக்குமா?"

மாணிக்கத்தின் மகள் என் வகுப்பில்தான் இருந்தாள். சத்துணவை இரண்டாம் முறை கேட்டபோது, "வீட்ல ஒண்ணும் போடலியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டவள் நான். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ஒரு முழுப் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். மாணிக்கம் தறியை விட்டு எழவில்லை.

"தறி ஓடற வீட்டுக்கு எதுக்குங்க அரிசி?"

வழியில் தயார் செய்த பேச்சு ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. "எனக்குக் காது போறலீங்க. எது நெய்யற தறி, எது வெறுந்தறின்னு தெரியல. நீங்க கூட வந்து கேட்டுச் சொன்னா நல்லா இருக்கும்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். கை நின்றது. தறியும் நின்றது. வீடு நிசப்தமானது. எங்கள் விதிப்படி அந்த வீடு இப்போது தகுதி பெற்றுவிட்டது. பையை வாசற்படியில் வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அவரே வந்தார். தெருவில் என்னோடு நடந்து, மூன்று கதவுகளைக் கண்ணாலேயே காட்டினார். மூன்றிலும் தறி ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. அதன்பிறகு வாரம் தவறாமல் அவர்தான் பைகளைச் சுமந்து போனார். அவருக்கென்று நான் எதுவும் கொடுத்ததில்லை. ஒரு பை அதிகமாகக் கட்டிவிடுவேன். "ஒண்ணு மீந்துபோச்சு டீச்சர்" என்று எடுத்துப்போவார்.

அந்த அறை இப்போது பைக் நிறுத்துமிடம். தெருவில் மோட்டார் தறிகள். வெறுமனே யாரும் ஓட்டுவதில்லை, கரண்ட் பில் வரும். போன மாதம் அந்தப் பக்கம் போனேன். பாதி வீடுகள் சத்தமில்லாமல் இருந்தன. எதில் வேலைக்குப் போயிருக்கிறார்கள், எதில் உலை வைக்கவில்லை என்று கேட்டுச் சொல்ல மாணிக்கம் இல்லை. அப்படி ஒரு வீட்டைப் பற்றி எதிர்வீட்டில் விசாரித்தேன். எதிரில் யார் குடியிருக்கிறார்கள் என்றே அவர்களுக்குத் தெரியவில்லை.