ஏழாவது தட்டு

இங்கே வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. எங்கள் தெருவில் ஒரு பக்கத்துக்குப் பதினெட்டு வீடுகள்; இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் கேரளத்துப் பாறசாலையில் என் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே ஒரு கிணறும் இரண்டு பலாமரங்களும் உண்டு. அவர்கள் வீட்டில் சண்டை நடந்தால் பாதிதான் கேட்கும், மீதியை ஊகித்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தின் இந்த டெர்பி நகரத்தில் அடுத்த வீட்டுக்காரர் இருமினால் என் தம்ளர் அதிர்கிறது. போன குளிர்காலத்தில் ஒரு மாலை, ஹீட்டருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, விரல் முட்டியால் சுவரில் ஒரு பழைய பாட்டின் தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தேன். மூன்று, பிறகு நான்கு. மூன்று, பிறகு நான்கு. சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து பதில் தட்டு வந்தது. எனக்கு உண்டான சந்தோஷத்தை என்னவென்று சொல்ல? இந்த ஊரிலும் ஏழு தட்டுத் தாளம் பிடிபட்ட ஒரு மனிதர் இருக்கிறார் என்று நினைத்து, இன்னும் அழுத்தமாக இன்னொரு சுற்றுத் தட்டினேன். அவரும் அழுத்தித் தட்டினார். நான் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் வாசல் மணி அடித்தது.

வெளியே காலின் என்பவர் நின்றார். அடுத்த வீட்டுக்காரர், முன்பு லாரி ஓட்டியவர். காலில் வீட்டுச் செருப்பு, கையில் போன். "ஆர் யூ ஆல் ரைட்?" என்றார். இங்கே எல்லோரும் எல்லோரிடமும் கேட்பது அது. பதிலுக்கு யாரும் காத்திருப்பதில்லை. எனவே நானும் வழக்கப்படி "யெஸ், அண்ட் யூ?" என்றேன். அவர் போகவில்லை. என் தோளுக்கு மேலே எட்டி வீட்டுத் தரையைப் பார்த்தார். கிழவன் விழுந்துவிட்டான், எழுந்திருக்க முடியாமல் சுவரைத் தட்டிக் கூப்பிடுகிறான் என்று எண்ணி ஆம்புலன்ஸை அழைக்க இருந்தாராம். அன்றைக்கே ஓர் ஏற்பாடு செய்தார். அவர் இரண்டு தட்டுத் தட்டினால் நான் ஒன்று தட்டவேண்டும். ஒன்று என்றால் நலம். பதில் இல்லையென்றால் அவர் சாவியோடு வருவார். சாவியை என் மகள் கொடுத்திருந்தாள். அவள் இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். என் மனைவி போனபிறகு என்னை அழைத்து வந்தவள். இரவுச் சாப்பாட்டின்போது சிரித்துக்கொண்டே சொன்னாள். "அப்பா, இங்க செவுத்தத் தட்டினா ஒண்ணு சண்டை, இல்லேன்னா ஆபத்தாக்கும். பாட்டுன்னு ஒருத்தரும் நினைக்க மாட்டாவ."

அந்தப் பாட்டை நீங்கள் தேட வேண்டாம். நான் தேடிவிட்டேன். பேத்தியின் கம்ப்யூட்டரில் ஒரு வாரம் தேடினேன். கேசட்டே வராத பாட்டு கம்ப்யூட்டரில் எப்படி வரும்? எழுபதுகளில் மலையடிவாரத்திலிருந்து ஐந்து இளைஞர்கள் ஒரு குழுவாக வந்து பாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கிட்டார், ஒரு டிரம் செட், ஒரு உடுக்கை, வில்லுப்பாட்டுக்காரர்கள் வைத்திருப்பதுபோல் ஒரு குடம். தலைமுடியைத் தோள்வரை வளர்த்திருந்தார்கள். குழுவுக்கு என்னவோ இங்கிலீஷ் பெயர் இருந்தது. எங்கள் பக்கத்தில் 'குடமும் கிட்டாரும்' என்றால்தான் தெரியும். செங்கல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு கோயில் உற்சவத்தில் முதலில் கேட்டேன். நான் மிஷன் சபைக் குடும்பத்துப் பையன். ஜெபக் கூட்டத்துக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, என் சிநேகிதன் குளத்தூர் சுகுமாரனின் சைக்கிள் கம்பியில் உட்கார்ந்து போனேன். நாற்று நடும் பெண்கள் பாடுகிற மெட்டு ஒன்றை ஒருவன் கிட்டாரில் எடுத்தான். அந்த மெட்டு எனக்குத் தெரியும், அம்மா அதைப் பாடியபடி நெல் புடைப்பாள். ஆனால் அது மின்சாரத்தில் ஏறி ஒலிபெருக்கி வழியாக வந்தபோது, என் வீட்டுக்குள்ளிருந்த ஒன்றை யாரோ தெருவில் கொண்டுவந்து நிறுத்தியதுபோல் உடம்பு சிலிர்த்தது. அதன் அடியில் குடம் சேர்ந்தது. மூன்றும் நாலும், மூன்றும் நாலும்.

பாட்டில் ஒரு மனிதனின் வீடு கால்வாயின் ஒரு கரையிலும் வயல் மறுகரையிலும் இருக்கிறது. நடுவே மாநில எல்லைக் கோடு போட்டுவிட்டார்கள். 'வீடு அந்தக் கரை, வயலு இந்தக் கரை, காளைக்கு ஏது கரை?' என்று தமிழில் நாலு வரி. அதற்குப் பதில்போல மலையாளத்தில் நாலு வரி. 'எவிடெயா நின்றெ வீடெந்நு சோதிச்சால், காள எந்து பறயும்?' உன் வீடு எங்கே என்று கேட்டால் காளை என்ன சொல்லும்? வார்த்தைகள் முடிந்து, கிட்டார் ஓய்ந்து, விளக்கை அணைக்கப் போகிற நேரத்தில் குடம் மட்டும் தனியாக ஏழு தட்டுத் தட்டி நிற்கும். அந்த ஏழுக்காகத்தான் மற்றதெல்லாம் என்பான் சுகுமாரன்.

இரண்டாவது முறை எங்கள் சபையின் அசனப் பண்டிகையில். சோறும் கறியும் ஆக்கி ஊருக்கே பரிமாறுகிற அந்த நாளில் இளைஞர் சங்கத்தார் எப்படியோ பேசி அந்தக் குழுவை வரவழைத்தார்கள். சபை மூப்பர் ஒருவர் மேடைக்கு ஏறி, கிட்டார் இருக்கலாம், உடுக்கை கூடாது, அது பேயோட்டுகிற சாதனம் என்று தடுத்துவிட்டார். உடுக்கைக்காரன் சமையல் பந்தலுக்குப் போய்க் காலி எண்ணெய் டின் ஒன்றை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டான். அன்றைக்குப் பாட்டு கோயிலில் கேட்டதைவிட நன்றாக இருந்தது. இலையில் மூன்றாம் முறை கறி வாங்கிக்கொண்டிருந்த சுகுமாரன் என் விலாவில் இடித்தான்.

"எலே மணி, ஒங்க கர்த்தருக்கு டின் சத்தந்தான் இஷ்டம் போலுக்கு."

"கறியத் தின்னுட்டுப் பேசுலே. மூப்பரு கேட்டா எலைய எடுத்துருவாரு."

மூன்றாவதும் கடைசியும் தனுவச்சபுரத்தில், கல்லூரி ஆண்டு விழாவில். அதற்குள் எங்களுக்குப் பயம் வந்துவிட்டது. குழுவில் ஒருவனுக்குக் கல்ஃப் விசா வந்திருந்தது, இன்னொருவன் பட்டாளத்தில் சேரப் போகிறான். எங்களிடம் டேப் ரெக்கார்டர் கிடையாது. எனவே மேடைக்கு முன்னால் நின்று வேலையைப் பிரித்துக்கொண்டோம். நான் தமிழ் வகுப்பில் படித்தவன், தமிழ் வரிகள் என் பொறுப்பு. அவன் மலையாள வகுப்பு, மலையாள வரிகள் அவன் பொறுப்பு. தாளமும் என் பொறுப்பு, ஏனென்றால் எண்ணுவது என் புத்தி. திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே இரண்டு பாதியையும் ஒட்டிப் பாடிப் பார்த்தோம். நான் பஸ்ஸின் பக்கத் தகரத்தில் தாளம் போட, யாரோ இறங்கவேண்டுமாக்கும் என்று டிரைவர் ஆளில்லாத இடத்தில் நிறுத்திவிட்டார். கண்டக்டர் எங்களைப் பார்த்து, "எறங்குங்கோ மக்கா, வண்டி நின்னுதே, வீடு இங்கதானே" என்றார். வண்டி முழுக்கச் சிரித்தது.

அதன்பிறகு ஐம்பது வருடம் அந்தப் பாட்டு எங்கள் இருவரிடம் மட்டும் இருந்தது. நான் மின்சார அலுவலகத்தில் மீட்டர் கணக்குப் பார்த்தேன். அவன் நெய்யாற்றின்கரையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்தான். அவனுடைய நாலு வரிகளும் எனக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் ஒருநாளும் நான் அவற்றைப் பாடியதில்லை. அவனும் என் வரிகளைத் தொட்டதில்லை. யாரும் போட்ட சட்டமில்லை, அப்படியே அமைந்துவிட்டது. நான் விமானம் ஏறியபோது திருவனந்தபுரம்வரை கூட வந்தான். விமான நிலையக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, "ஒம் பாதிய அங்க கொண்டு போயி தொலைச்சிராத. எம் பாதி இங்க உண்டு" என்றான்.

போன வருடம் அவன் தொண்டையில் கட்டி வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது அவன் மகள் பிந்துதான் போன் செய்கிறாள். தன் பேத்தியின் சிலேட்டில் அவன் எழுதுகிறான், பிந்து வாசிக்கிறாள். வாசிக்கும்போது 'எலே' என்று வந்தால் மட்டும் கூச்சப்பட்டு அந்த வார்த்தையை விழுங்கிவிடுகிறாள். எனக்கு அது கேட்டுவிடும். ஆறு வாரத்துக்கு முன்பு, நோய் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது, இனி வெட்டுவதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றைக்குச் சிலேட்டில் எழுதியிருந்தது ஒரே ஒரு விஷயம்: அந்தப் பாட்டை முழுசாக ஒருமுறை கேட்கவேண்டும்.

நான் அலைந்தேன். இந்த ஊரில் தமிழ்ச் சங்கம் உண்டு, மலையாளி சமாஜமும் உண்டு. இரண்டிலும் கிட்டார் வாசிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு மேடையில் பாடவைத்து, வீடியோ எடுத்து அனுப்பிவிடலாம் என்பது என் கணக்கு. சங்கத்துச் செயலாளர் கோயம்புத்தூர்ப் பையன், மரியாதையாகக் கேட்டான். "பாட்டு அருமையா இருக்குங்க அங்கிள். ஆனா பாதி மலையாளமா இருக்குதுங்களே. பொங்கல் விழா பாருங்க, அந்தப் பாதிய மட்டும் எடுத்துடலாங்களா?" சமாஜத்துச் செயலாளரும் மரியாதைக்காரர்தான். "அங்கிளே, பாட்டு கொள்ளாம். பக்ஷே ஓணத்தினு ஆ தமிழ் வரிகள் நமுக்கு வேண்டா, அல்லே?" நல்ல பாட்டு, ஆனால் ஓணத்துக்குத் தமிழ் வரிகள் வேண்டாமே என்கிறார். இரண்டு பேருமே பாதிப் பாட்டைப் பாடத் தயார். இரண்டையும் கூட்டினால் முழுப் பாட்டு வந்துவிடுகிறதே என்றுகூட ஒரு ராத்திரி யோசித்தேன். பிறகு அந்த இரண்டு பிள்ளைகள்மேலும் கோபம் வந்தது. அவர்கள் மேல் என்ன தப்பு? பாறசாலையில் பேச்சைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்போம், இடையில் எங்கே மாறினோம் என்று யாரும் பார்ப்பதில்லை. இங்கே, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால், இரண்டுக்கும் தனித்தனி மண்டபம், தனித்தனி சந்தா, தனித்தனி சாப்பாட்டுக் கூப்பன். நான் இரண்டுக்கும் சந்தா கட்டுகிறேன். இரண்டு இடத்திலும் கடைசி வரிசையில் உட்காருகிறேன்.

பிந்துவிடம் சொன்னேன். சிலேட்டில் எழுதும் சத்தம் போனில் கேட்டது. பிந்து வாசித்தாள். "காளைய வெட்டிப் பங்கு வச்சா அது எறச்சியாக்கும், உழவு ஆகாது." அவளே சிரித்தாள். மீண்டும் எழுதும் சத்தம். அவள் சிரிப்பு நின்றது. "மாமா, அப்பா கேக்காரு, நீங்க பாடக் கூடாதான்னு. ரெண்டு பாதியையும்."

கூடாது என்றுதான் எனக்குப் பட்டது. தொண்டை சரியில்லை, குளிர், பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்று காரணங்களை அடுக்கினேன். அதில் ஒன்றும் காரணமில்லை. அவனுடைய வரிகளை நான் பாடினால், அவன் இனிப் பாடமாட்டான் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போடுவதுபோல் ஆகிவிடும். அதைத்தான் பிந்துவிடம் சொல்லமுடியவில்லை. நாலு நாள் போனை எடுக்காமல் இருந்தேன். ஐந்தாம் நாள் மதியம், அங்கே விளக்கு வைக்கிற நேரம், பிந்து அழைத்தாள். "மாமா, சிலேட்டுப் பிடிக்க கை நிக்க மாட்டேங்குது. இன்னைக்குப் பாடுவியளா? அப்பாவ சாய்ச்சு இருத்தி வச்சிருக்கேன். ஒங்களக் கேக்க முடியும், பேச முடியாது, அவ்ளோதான்."

நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டேன். தொடங்கினேன். என் நாலு வரியும் சிரமமில்லாமல் வந்தன. குரல் ஆடியது; எழுபத்து நாலு வயதில் ஆடத்தானே செய்யும்? அவனுடைய இடம் வந்தது. வழக்கம்போல் வாய் தானாக மூடிக்கொண்டது. போனில் ஒன்றும் இல்லை. மின்விசிறியின் சத்தம், எங்கேயோ ஒரு பஸ்ஸின் ஹாரன். அப்புறம் கட்டிலின் மரச்சட்டத்தில் விரல் முட்டி விழுகிற சத்தம் கேட்டது. மூன்று, பிறகு நான்கு. மூன்று, பிறகு நான்கு. ஐம்பது வருடம் நான் போட்டுக் கொடுத்த தாளத்தை அவன் எனக்குப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

பாடினேன். 'எவிடெயா நின்றெ வீடெந்நு' என்று எடுத்தேன். என் நாக்குக்கு அது முழுசாக வசப்படவில்லை. இரண்டாம் வரியில் அவசரப்பட்டு முன்னால் ஓடிவிட்டேன். உடனே சட்டத்தில் ஒரு ஓங்கின தட்டு. "தப்பாம் மாமா, முதல்லேருந்தாம்" என்றாள் பிந்து. உயிரோடு ஒரு அதட்டல்! எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. முதலிலிருந்து பாடினேன். என் வரிகள் நாலையும், அவன் வரிகள் நாலையும், அவன் தட்டுக்குள்ளேயே நின்று பாடி முடித்தேன்.

பாட்டு நின்றது. இனிக் குடம் மட்டும். அவன் அதை மறக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. கொஞ்சம் தாமதித்து, நாலு. ஐந்து. ஆறு, சட்டத்தில் விரல் உரசியது போலத்தான் கேட்டது. நான் காத்திருந்தேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"மாமா, அப்பாக்குக் கை தளந்து போச்சு" என்றாள் பிந்து. "கண்ணு மூடியிருக்காரு, மூச்சு உண்டு. பின்ன போன்ல விளிக்கேன் மாமா, வச்சிரட்டா?"

வைத்துவிட்டாள். போன் இன்னும் என் காதில் இருந்தது. மற்றக் கையை எடுத்து, பாக்கியிருந்த அந்த ஏழாவதை டெர்பியின் சுவரில் நான் தட்டினேன்.

கொஞ்ச நேரம் கழித்துச் சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு தட்டு வந்தது. காலின்தான். ஒன்று தட்டினால் நலம் என்று அர்த்தம். என் விரல் முட்டி சுவரின்மேல்தான் இருந்தது, எடுத்துத் தட்டவில்லை. மறுபடி இரண்டு தட்டு வந்தது. அதன்பிறகு பக்கத்து வீட்டுக் கதவு திறக்கிற சத்தமும், சாவிக்கொத்தின் சத்தமும் கேட்டன.