டீஃபால்ட் ஆள்

என் கணவர் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வாத்தியார். வீட்டு லேப்டாப் மெதுவாக ஓடுகிறது என்று நான் வாய் தவறிச் சொன்னதற்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து விண்டோஸைத் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். வேகமாகத்தான் ஓடியது. என்னையும் ஓடவிட்டது.

செஞ்சியில் நான் எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கிறேன். அனந்தபுரம் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கி, காயவைத்து, ஆட்டி விற்கிறேன். உழைப்பெல்லாம் என்னுடையது, ஊருக்குள் பெயர் மட்டும் 'வாத்தியார் ஊட்டு எண்ணெய்'. கேட்கும்போதெல்லாம் வயிறு எரியும். அந்தச் சமயத்தில்தான் புதுச்சேரியில் ஒரு கடையில், தயாரிக்கிறவர் பெயரையே பாட்டிலில் போட்டு விற்பதாக அறிவித்தார்கள். நான் பார்த்த அன்றே கடைசி நாள், மாலைக்குள் மெயில் அனுப்ப வேண்டும். அறிவிப்பின் அடியில் முகவரி நீல எழுத்தில் இருந்தது.

அதைக் கிளிக் செய்தேன். என் மெயில் திறக்கவில்லை. முன்பின் பார்த்திராத ஒரு மென்பொருள் வந்து நின்றுகொண்டு, கணக்கைச் சொல், சர்வரைச் சொல், போர்ட்டைச் சொல் என்று கேட்டது. நான் பிரவுசரில் மெயில் பார்க்கிறவள். போர்ட்டுக்கு எங்கே போவேன்? பாஸ்வேர்டைக் கொடுத்தால் தப்பு என்றது. என் பாஸ்வேர்ட் எனக்குத் தெரியாதா?

கணவருக்கு போன் போட்டேன். முகவரியைக் காப்பி பண்ணி ஒட்டினால் முடிந்தது என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு தரமும் ஒட்டிக்கொண்டே இருப்பதா? செட்டிங்ஸில் பார்த்தால், மெயிலுக்கு நேராக அந்த மென்பொருளைத் தவிர வேறு எதுவுமே இல்லை. அதை நீக்கித் தொலைத்தேன். இப்போது கிளிக் செய்தால் ஒன்றுமே நடக்கவில்லை, சனியன். பிரவுசரின் செட்டிங்ஸில் தேடிப் பிடித்து, மெயில் என்றால் என் வெப்மெயிலைத் திற என்று மாற்றினேன். அதுவும் போதவில்லை. கருப்புத் திரையான டெர்மினலைத் திறந்து, மெயில் முகவரி வந்தால் பிரவுசரிடம் கொடு என்று ஒரு வரி கட்டளை அடிக்க வேண்டியிருந்தது. ஓர் எழுத்து பிசகியதற்கு அதனிடமும் திட்டு வாங்கினேன். அதற்குள் அடுப்பில் குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

ஒருவழியாக வெப்மெயில் திறந்தது, கடையின் முகவரியோடு. ஆத்திரமும் சந்தோஷமுமாக ஒரே மூச்சில் எழுதி அனுப்பினேன். என் கணக்கிலிருந்து போகிறது, பெயர் தானாகத் தெரியும் என்று அடியில் பெயர்கூடப் போடவில்லை.

மறுநாள் கணவர் தன் போனை நீட்டினார். கடையிலிருந்து பதில், அவருக்கு. ஐயா, உங்கள் எண்ணெயை எடுத்துக்கொள்கிறோம், உங்கள் பெயரிலேயே லேபிள் அச்சுக்குப் போயிருக்கிறது என்று எழுதியிருந்தார்கள்.

லினக்ஸ் போட்ட அன்றே பிரவுசரில் அவர் தன் கணக்கில் நுழைந்திருக்கிறார். நான் அவருக்குப் பின்னால் இரண்டாவது கணக்காக நுழைந்தவள். என் மெயில் அவர் பெயரில் போய்விட்டது.

"டீஃபால்ட்டுன்னா அதான்," என்றார் சிரித்துக்கொண்டே. "நீ ஒண்ணும் சொல்லலன்னா, முதல்ல இருக்கிற ஆளத்தான் எடுத்துக்கும்."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒண்ணும் சொல்லாம இருந்தேன் பாருங்க, என்னச் சொல்லணும்," என்றேன்.

உடனே கடைக்கு எழுதினேன். முதல் லாட் அச்சாகிவிட்டது, அடுத்ததில் மாற்றித் தருகிறோம் என்றார்கள். மாதிரிக்கு ஒரு பாட்டில் வந்தது, அவர் பெயர் பெரிதாகத் தங்க எழுத்தில். அவர் அதை ஹால் ஷோகேஸில் வைத்தார். நான் எடுத்து வந்து வடை சுட்டேன்.